அலுமாரிக்குள் ஒரு விசாரணை

மனைவியின் கழுத்திலுள்ள கழலையை வெட்டி எடுக்க வேண்டும் என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னபோது எனக்கு ஆட்சேபனை எதுவும் இருக்கவில்லை. வெட்டுவதற்கு ஒரு நடைமுறை உண்டு, அது தெரிந்தவர் வெட்டுவார். என்னைத் தூக்கிவாரிப் போட்டது, நாங்கள் கதவடிக்கு வந்த பிறகு அவர் சொன்னதுதான்.

"குரல் நரம்பு பக்கத்தால போகுது. கவனமாத்தான் செய்வம். எண்டாலும் குரல் கொஞ்சம் மாறலாம்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவர் சிரித்தார். பிரதேச செயலகக் கதிரையில் இருந்து நானும் அப்படிச் சிரித்திருக்கிறேன். "கொஞ்சம் தாமதமாகும்" என்று எங்கள் கந்தோரில் சொன்னால் அதன் பொருள் என்னவென்று கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் மனைவி சொன்னாள்: "நான் கத்தாட்டி ஒங்களுக்குச் சந்தோசம்தானே. மறுகா என்னத்துக்கு மொகத்த இப்பிடி வெச்சிரிக்கீங்க?"

எனக்கு என்ன பயம் என்று அவளிடம் சொல்ல முடியாது. அவள் சமையலறையில் தனியாக நிற்கும்போது பாடுவாள். பாட்டு என்றும் சொல்ல முடியாது. பெண்கள் கலியாண வீட்டு அறைக்குள் சேர்ந்து படிக்கும் கவிகளில் பாதி வரி, மீதி முனகல். ஆண்கள் கேட்கப் பாடக்கூடாது என்று வளர்ந்தவள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் அது நின்றுவிடும். ஆகவே நான் செருப்பைக் கழற்றிவிட்டு, பத்திரிகையோடு சமையலறைக்குப் போகும் நடைபாதையில் நின்று கேட்பது வழக்கம். கலியாணம் முடித்த காலத்திலிருந்து இது நடக்கிறது. கேட்கிறேன் என்று சொன்னால் நின்றுபோகும். அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது?

எங்கள் மகள் இந்த விடயங்களில் விற்பன்னர். பாடசாலையில் படிப்பிக்கிறாள். பின்னேரங்களில் ஒரு கூட்டாளியோடு பொட்காஸ்ட் செய்கிறாள். குறும்படம், இசை, புதிதாய் வந்த கருவிகள் என்று இருவரும் கதைத்துச் சிரிப்பார்கள், அதைக் கேட்கவும் ஆட்கள் உண்டு. எதிரொலி வராமல் இருக்க வேண்டுமாம், அதனால் அபாயாக்கள் தொங்கும் அலுமாரிக்குள் மைக்கையும் தலையையும் விட்டுக்கொண்டுதான் கதைப்பாள். நான் சேவையில் இருந்த காலத்தில் அலுமாரிக்குள் கோப்புகள் இருந்தன, இப்போது மகள்.

அவள் சொல்லி நான் சில குறும்படங்களும் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் எடுக்கப்படும் எல்லாவற்றிலும் ஒரு ட்ரோன் கடற்கரைக்கு மேலே பறக்கிறது. கீழே ஒருவர் தோணியில் சாய்ந்து கவலைப்படுகிறார். ஏன் கவலைப்படுகிறார் என்பதற்குள் படம் முடிந்துவிடுகிறது. அறுகம்பேயில் நேரடியாக இசை நிகழ்ச்சி கேட்டுவிட்டு வந்த ஒரு நாள் அவள் என்னிடம் வாதாடினாள்.

"லைவ்ல பிழை விட்டாலும் அது அழகுதான் வாப்பா."

"பிழை விட்டால் வெட்டி, பக்கத்தில் சிறு கையொப்பம் வைக்க வேண்டும்" என்றேன். அதில் என்ன வேடிக்கை இருந்ததோ, அலுமாரிக்குள் போய் அதையும் சொல்லிச் சிரித்தாள்.

உம்மாவின் குரலைப் பதிந்து வைக்கலாம் என்று முதலில் சொன்னவளும் அவள்தான். கொஞ்ச நேரக் குரல் போதும், மிச்சத்தை ஏஐ படித்துக்கொள்ளும், பிறகு எழுதிக் கொடுப்பதை எல்லாம் உம்மாவின் குரலிலேயே பேசும் என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றேன்.

மகள் பாடசாலைக்குப் போன ஒரு காலையில் பதிவு நடந்தது. எந்தப் பொத்தான் என்று காட்டிவிட்டுப் போயிருந்தாள். ஜன்னல்களை அடைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் ஓட்டோ எங்கள் ஒழுங்கையைத் தாண்டும் வரைக்கும் காத்திருந்தேன். மனைவியை அலுமாரிக்கு முன்னால் கதிரையில் இருத்தி, பொத்தானை அமுக்கினேன். அமுக்கியதும் என்ன கேட்பது என்று தெரியவில்லை. தெரியாத இடத்தில் மனிதன் தெரிந்த நடைமுறைக்குத்தான் போவான்.

"உமது முழுப் பெயர்?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இத்தன வருசமாத் தெரியாதா? அல்லாஹ்வே, இந்த மனிசனுக்கு எழுவது வயசிலதான் என்ட பேர் கேக்கத் தோணிரிக்கி!"

"விளையாடாத. பதிவுக்குக் கேட்கிறன்."

"பதிவா? கலியாணப் பதிவுல கேட்ட நேரம் தூங்கினீங்களா? வேர்த்து ஒழுகுது, அந்தக் காத்தாடியப் போடுங்களன் மனிசன்."

இது ஒழுங்கான வாக்குமூலம் இல்லை. நிறுத்தினேன், அழித்தேன், மீண்டும் தொடங்கினேன். இந்தமுறை என் முகத்தைப் பார்த்து அவளுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். முக்காட்டை இழுத்துச் சரிசெய்து, நிமிர்ந்து இருந்தாள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர் சம்மாந்துறை, இப்போது இருக்கும் வீதி, கிராம சேவகர் பிரிவு எல்லாவற்றையும் ஒரு மனுதாரரின் அடங்கிய குரலில் சொன்னாள். அன்றாட அலுவல்கள் என்னவென்று கேட்டேன். சமைத்தல், தொழுகை, கோழிகளைப் பார்த்தல் என்றாள். குறுக்குக் கேள்வி இல்லை. பதிவு சுத்தமாக இருந்தது.

மகள் அதை இயந்திரத்துக்குக் கொடுத்து, ஒரு வரியைத் தட்டி, தொலைபேசியை என் பக்கம் திருப்பினாள்.

"சாப்பிட வாருங்கள்" என்றது.

மனைவியின் குரல்தான், மூக்கில் உரசும் அந்த ஓசை வரைக்கும் அவளுடையதுதான். ஆனால் இந்த வீட்டில் யாரும் ஒருநாளும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மனைவி கதவடியில் நின்று கேட்டிருந்தாள்.

"ஆரு இது? நல்ல மரியாதயான பொம்புளையா இரிக்காவே. இனி இவவயே வெச்சிக் குடும்பம் நடத்துங்க."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். பிறகு அதை அழித்துவிடச் சொன்னேன்.

"ஒப்பரேசன் முடியட்டும் வாப்பா. ஒருவேள..." என்றாள்.

அந்த ஒருவேளை எங்கள் வீட்டில் ஒரு விருந்தாளி மாதிரித் தங்கியது. மனைவியின் குரல் போய்விட்டால் எனக்கு மிஞ்சப்போவது நான் விசாரித்து எடுத்த இந்த மனுதாரர்தான். ஏசத் தெரியாது. என் செருப்புச் சத்தத்துக்கு நிற்கவும் தெரியாது. ஏசியதை நானே அழித்தேன், ஒழுங்கற்றது என்று.

சத்திரசிகிச்சை நாளன்று சத்திரசிகிச்சை அறை வாசலில், வாங்கில் உட்கார்ந்து துஆ ஓதினேன். ஓத ஓத மனம் அலுமாரிக்கே போனது. பிறகு ஆஸ்பத்திரி விடுதியில் தாதி அவளை "ஆ" என்று சொல்லச் சொன்னார். துருப்பிடித்த கேற்றைத் திறக்கிற சத்தம் வந்தது. நிபுணர் "நல்லது" என்றார். அந்தச் சொல்லுக்கும் விளக்கம் கேட்க வாயெடுத்தேன், மகள் என் கையை அழுத்தினாள்.

வீட்டுக்கு வந்தபின் மனைவி கையாலேயே ஏசினாள். நாட்கள் போகப் போகக் கரகரப்பாய்ச் சொற்கள் வந்தன. கூப்பிட்டால் கேற்றடிக்குக் கேட்கவில்லை, ஆகவே நான் கேற்றடிக்குப் போவதை விட்டேன். பேச்சு இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ் என்று வந்தவர்களிடம் சொன்னேன். சமையலறையிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு காலையும் செருப்பைக் கழற்றிவிட்டு நடைபாதையில் நின்றேன். கரண்டிச் சத்தம், தண்ணீர்ச் சத்தம். பத்திரிகையில் ஒரே பக்கம்.

போன கிழமை ஒரு காலையில், வெங்காயம் வெட்டுகிற சத்தத்துக்கு இடையில் அது தொடங்கியது. முதல் வரியின் நடுவிலேயே உடைந்தது. அவள் இருமினாள். நான் மூச்சை அடக்கினேன். தொலைபேசி சட்டைப் பையில் இருந்தது, அதைத் தொடவில்லை. மீண்டும் தொடங்கினாள், முன்னைவிடத் தாழ்ந்த குரலில். மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை, சுற்றி வேறு வழியால் போனது. பிறகு நின்றது.

"அங்க நிண்டு எத்தின வருசத்துக்குக் கேக்கப் போறீங்க?" என்றது கரகரத்த குரல். "உள்ளுக்கு வந்து இந்தத் தேங்காயத் திருவித் தாங்க."

உள்ளே போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. திருவலையில் குந்திக்கொண்டேன். வெங்காயத்தின் பக்கம் திரும்பி நின்று, அவள் விட்ட இடத்திலிருந்து முனகத் தொடங்கினாள். அந்த மெல்லிய ஓசையைத் திருவலைச் சத்தம் அமுக்கிவிடும் என்று நான் ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்தித் திருவினேன்.

"என்ன, கந்தோர்ல கோப்பு தள்ளுற மாதிரித் திருவுறீங்க? கெதியாப் பாருங்க, கறி அடிபிடிக்கப் போகுது."

கொஞ்சம் தாமதமாகும் என்றேன்.