பப்பாளி விதை

எண்பதுகளில் மலேசியாவின் நிபோங் திபாலில் எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆளுக்கு இரண்டு மீன்குளம். என் திலாப்பியா ஓயாமல் குஞ்சு பொரித்து, நெரிசலில் விரல் நீளத்தோடு நின்றுவிடும். அவருடையது உள்ளங்கையை மீறி வளரும். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

பாசாரில் பழம் வெட்டுபவர்கள் எறியும் பப்பாளி விதையை அவர் அள்ளி வந்து, காயவைத்து அரைத்துத் தீனியில் கலப்பதை வேலியோரம் நின்று பார்த்துவிட்டேன். அதைத் தின்னும் மீன் குஞ்சு பொரிக்காதாம். அவரை மிஞ்ச வேண்டுமென்று என் இரண்டு குளத்திலும் போட்டேன்.

மீன் பெருத்தது, எல்லாவற்றையும் விற்றேன். மறுபடி வளர்க்கத்தான் ஒரு குஞ்சும் இல்லை. வாளியோடு அவரிடமே போனேன்.

"ஒரு குளத்துக்குப் போடாம வைக்கணும்லா அண்ணே," என்று குஞ்சுகளை அள்ளிக் கொடுத்தார்.

வீடு வரும்வரை வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த மனுஷனுடைய குஞ்சுகூடக் கொழுத்துத்தான் இருந்தது.