சாக்கடைக்குப் போகிற குளிர்

எங்கள் மாமா ஒரு பொய்யர். அம்மாவின் தம்பி, ஏற்காடு ஏரிக்கரையில் ஐஸ்கிரீம் கடை வைத்திருப்பவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சொன்ன பொய்யை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

அதே மலையில், கரடியூரில் எங்களுக்குப் பேரிக்காய் மரங்கள் உண்டு. வெயிலில் பறித்த காயை அந்தச் சூட்டோடு ஜீப்பில் ஏற்றினால், அடிவாரம் போவதற்குள் கூடைக்குள்ளேயே புழுங்கிவிடும். சேலத்து மண்டியில் இறக்கும்போது கொழகொழவென்று இருக்கும். மண்டிக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். இந்தப் பறிப்பும் இப்படிப் போனால் மரங்களைக் குத்தகைக்கு விட்டுவிடப் போவதாக அப்பா சொன்னார். அவற்றை நட்டது அம்மா. அன்று அவள் சாப்பிடவில்லை.

மாமா ஒரு யோசனையோடு வந்தார். அவர் கடை ஃப்ரீசரின் உட்சுவரில் பனி கெட்டியாகப் படியும். காலையில் அதைச் சுரண்டிச் சாக்கடையில் கொட்டுவார். அதையே டிரம் தண்ணீரில் போட்டுக் காயை முக்கி வைக்கலாம், சூடு இறங்கியதும் ஈரச் சாக்குச் சுற்றி ஜீப்பில் ஏற்றலாம் என்றார்.

அம்மா யாரிடமும் சும்மா எதையும் வாங்க மாட்டாள். தம்பியிடம் வாங்கவே மாட்டாள்.

“உன்ர யாவாரத்தைக் கெடுத்துட்டு எனக்கொண்ணும் வேண்டாம்டா.”

“சாக்கடைக்குப் போற குளிருங்கக்கா. இதுக்குப் போயி நொம்ப ரோசம் பாக்கறீங்க. எங்கட பங்கு எங்கேன்னு சாக்கடை வந்து கேக்கவா போவுது?”

காய் கல் மாதிரி சேலம் போய்ச் சேர்ந்தது. “ஏனுங்கம்மா, காயெல்லாம் நடுங்குது, ஒரு கம்பளி குடுங்க” என்று ஜீப் டிரைவர் கிண்டல் செய்தார். மண்டிக்காரர் இன்னும் கேட்டார். கூடைகள் கூடின. டிரம்மில் மட்டும் பனி குறையவே இல்லை.

முதலில் அது தூளாகக் கிடந்தது. பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி கட்டி கட்டியாக வந்தது. நான் ஒன்றை எடுத்துத் தொப்பியாகத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினேன். அம்மா பிடுங்கிக் கல்லில் போட்டு உடைத்தாள். மிச்சக் கட்டிகளையும் தேடித் தேடி உடைத்துத் தூளாக்கினாள். என் ஆட்டம்தான் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் தினமும் மாமா எனக்கு ஒரு டம்ளர் நிறைய உருகிய ஐஸ்கிரீம் கொடுப்பார்.

“குடி கண்ணு. கரைஞ்சதை யாரு வாங்குவாங்க?”

ஏற்காட்டிலேயே என்னைப் போல் அதிர்ஷ்டக்காரி இல்லை என்று குடித்தேன். ஃப்ரீசருக்குள் ஐஸ்கிரீம் இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருந்தது என்று எட்டிப் பார்க்கும் உயரம் எனக்கு இல்லை.

மரங்கள் இன்னும் எங்களுடையவைதான்.

மாமா, என் கல்யாணப் பந்தியில் அம்மாவுக்குப் பக்கத்து இலையில்தான் உங்களை உட்கார வைக்கப் போகிறேன். பந்தி முழுக்கக் காதில் விழும்படி கேட்பேன். மழுப்பாமல் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்: ஃப்ரீசர் சுவரில் படிகிற பனி எப்படிக் கிண்ணம் கிண்ணமாக உரிந்து வந்தது?