பெண் வீட்டில் கை நனைக்காதவர்

வயிற்று டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தால், ஊரில் யார் வயிற்றில் என்ன கோளாறு என்பதெல்லாம் நம் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். உத்திரமேரூரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுகிறேன். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும்போது நோயாளியின் தலையைப் பிடித்துக்கொள்வதும் நான்தான். சனிக்கிழமைகளில் சென்னையிலிருந்து வரும் டாக்டரம்மா உணவுக்குழாய், இரைப்பை, பித்தப்பை ஆபரேஷன்களில் கைதேர்ந்தவர். நான் எட்டாவதோடு நின்றவள். கைதேர்ந்தது கவலைப்படுவதில் மட்டும். என்னைப் போல ஆஸ்பத்திரி வாசலில் பெயர் கூப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பாடு தெரியும்.

வெறும் கேஸ்தான்

தென்னேரி முனுசாமி அண்ணன் "கேஸ் டிரபுள்" என்றுதான் வந்தார். டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. சோறு நெஞ்சிலேயே நின்றுவிடுகிறதாம். எழுந்து நின்று, கையைத் தூக்கி, செம்புத் தண்ணீரைக் குடித்து இறக்க வேண்டுமாம். சட்டை தோளில் தொங்கியது. புற்றாக இருக்குமோ என்று நான் பயந்தேன். குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"மாத்திரையே குடும்மா. எம் புள்ள கல்யாணம் அந்தரத்துல நிக்கிது, கொயாய் வுட்டுக்கினு குந்திக்கினு இருக்க நேரமில்ல."

இலையை மூடினார்

அவர் வெளியே போன நேரத்தில் மனைவி சரோஜா அக்கா என்னிடம் கொட்டித் தீர்த்தார். மகனுக்குப் பழையசீவரத்தில் பெண் பார்த்து, எல்லாம் பேசி முடித்து, சம்மதத்துக்கு அடையாளமாகப் பெண் வீட்டில் கை நனைக்கப் போயிருக்கிறார்கள். இவர் ஒரு வாய் சோறு வைத்தார். அது இறங்கவில்லை. பந்தியிலேயே வாந்தி எடுத்துவிடுவோமோ என்று பயந்து, இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். நோய் என்று சொன்னால் பெண் கொடுப்பார்களா? அதனால் காரணமும் சொல்லவில்லை. பெண்ணின் அப்பா கொதித்துப்போய், "அடுத்த தபா வந்து சாப்பிடலேன்னா வேற எடம் பாத்துக்கிறோம்" என்று ஆள் அனுப்பிவிட்டார்.

"பொண்ணுக்கு இன்னா கொறன்னு கேக்குறாரு அந்த மனுசன். கொற பொண்ணுகிட்ட இல்ல, இவரு நெஞ்சுல கீதுன்னு எப்பிடிம்மா சொல்லுவேன்?"

வெறும் வயிறு

அக்கா மல்லுக்கட்டி அவரைக் குழாய்க்குச் சம்மதிக்க வைத்தார். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று போன் போட்டும் சொன்னேன். இருவருமே பட்டினியாக வந்தார்கள். அக்கா அம்மனுக்கு வேண்டிக்கொண்டாராம். அன்றைக்குப் பார்த்து டாக்டரம்மாவின் கார் வழியில் மாட்டிக்கொண்டது, வந்து சேர மதியம் ஆகிவிட்டது. அண்ணனை மேசையில் படுக்க வைத்த நேரம், அக்கா நாற்காலியிலிருந்து சரிந்தார். டாக்டரம்மா குழாயை வைத்துவிட்டு ஓடினார், நான் சர்க்கரைத் தண்ணீரோடு பின்னால் ஓடினேன். மேசையிலிருந்து குரல் வந்தது.

"தாயே, அந்தக் கொயாய அவளுக்கே வுட்டுப் பாரு, நான் வூட்டுக்குப் போறேன்!"

மதகு

நான் பயந்தபடி புற்று இல்லை. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் தசை இறுகி, சோறு வரும்போது திறக்க மறுக்கிறது என்றார் டாக்டரம்மா. சென்னையில் எடுத்த பரிசோதனைகளும் அதையே சொல்லின. "ஏரி நிறைய தண்ணி இருக்கு, மதகு தூக்கல. அவ்வளவுதான். சின்னத் துளை போட்டு அந்தத் தசையைக் கீறி விடுறேன். நீங்க பொண்ணு வீட்டுக்கு உண்மையைச் சொல்லி அனுப்புங்க" என்றார். அண்ணன் தலையாட்டினார்.

"மதகத் தொறந்தா போதும் தாயே, கரைய ஒடைச்சிடாத."

ரசம் சோறு

ஆபரேஷன் முடிந்து, கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு மாறலாம் என்று டாக்டரம்மா சொன்ன சனிக்கிழமை, விஷயம் தெரிந்துகொண்ட பெண்ணின் அப்பா டிபன் கேரியரோடு கிளினிக்குக்கே வந்துவிட்டார். "சோறு எங்க வூட்டுது. எங்க குந்தித் தின்னா இன்னா?" என்று அண்ணன் முன்னால் திறந்து வைத்தார். குழைந்த ரசம் சோறு. அண்ணன் ஒரு வாய் வைத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் டோக்கன் கூப்பிடுவதை நிறுத்தி, அவர் எழுந்திருக்கிறாரா என்று பார்த்தேன். எழுந்திருக்கவில்லை, கையையும் தூக்கவில்லை. அடுத்த வாய் வைத்தார், அதுவும் இறங்கியது. பாதிக் கிண்ணம் தீர்ந்தபோது டாக்டரம்மா எட்டிப் பார்த்து, இன்றைக்கு இது போதும் என்றார். பெண்ணின் அப்பா குறுக்கே கையை நீட்டினார்.

"இரும்மா, இப்பத்தான் சம்பந்தி சம்மதம் சொல்லிக்கினு கீறாரு, பாதியில நிறுத்தாத!"

பத்திரிகை வந்துவிட்டது, கல்யாணத்தில் எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்க, நான் மட்டும் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா தொண்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.