தமாரிஸ் எழுதிய ஒன்பது விதிகள்

தொராஜா மலையிலிருக்கும் ரந்தேபாவ் ஊரில் சுற்றுலா நடத்துகிறவர்களில் தமாரிஸைப் போலப் பிழைக்கத் தெரியாதவள் வேறு யாரும் இல்லை. ஒரு பழைய வேன், கடைவீதியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, சுவரில் ஒன்பது விதிகள். அவ்வளவுதான் கம்பெனி. சாவுச் சடங்குக்கு ஆறு பேருக்கு மேல் கூட்டிப்போக மாட்டாள். கறுப்புத் துணி உடுத்தாதவரை வேனில் ஏற்ற மாட்டாள். வெறுங்கையோடு போகக் கூடாது, ஒரு கட்டு கிராம்பு சிகரெட்டாவது கொண்டுபோக வேண்டும். யாரைப் படம் எடுத்தாலும் அவரிடமே கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். எருமை வெட்டும்போது அழலாம், முகம் சுளிக்கக் கூடாது.

எட்டாவது விதிதான் அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டது. சாவுச் சடங்கு இன்னும் முடியாத வீட்டுக்குள் விருந்தாளிகள் நுழையக் கூடாது என்பது அது. தொராஜா மலையில் சடங்கு முடியும்வரை யாரும் செத்தவரில்லை, உடம்புக்கு முடியாதவர். உள்ளறையில் படுத்திருப்பார். உடம்பு கெடாமலிருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள், மூன்று வேளை சோறு வைப்பார்கள், பேசுவார்கள். சடங்கில் வெட்ட வேண்டிய எருமைகள் சேர இரண்டு வருஷம் ஆகலாம், ஐந்தும் ஆகலாம். வெள்ளைக்காரர்கள் பாதிப் பேர் விமானம் ஏறி வருவதே அந்த அறையைப் பார்க்கத்தான். "முடியாதவங்க வீட்டுல நமக்கென்ன வேலை?" என்று தமாரிஸ் சொன்னதும் சிரித்தபடி எழுந்து, எதிர்ச்சாரியில் இருக்கும் பாலிம்போங்கிடம் போய்விடுவார்கள். அவனிடம் பேருந்தே இருந்தது.

அவளுடைய அம்பேயும் அப்படித்தான் படுத்திருந்தார். அப்பாவை அங்கே அம்பே என்றுதான் அழைப்பார்கள். மேட்டு வீட்டில், தம்பி எலியாஸின் பொறுப்பில், பதினாலு மாதமாக. காப்பி மண்டியில் நாற்பது வருஷம் எடை போட்ட மனுஷர் அவர். ஞாயிறுதோறும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லிவிட்டு வருவாள். மகள் பங்குக்கு ஓர் எருமை வாங்கக்கூட வக்கில்லையே என்று அவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

ஒரு புதன்கிழமை பெல்ஜியத்துப் பெண் ஒருத்தியும் அவள் கணவனும் தமாரிஸின் மேசைக்கு வந்தார்கள். நல்ல மாதிரி. ஒன்பது விதிகளையும் நின்று படித்தாள் அந்தப் பெண்.

"இதே விதிகளை முந்தாநாள் எங்களுக்கு அச்சடிச்சே கொடுத்தாங்க. எவ்வளவு மரியாதையா நடத்துனாங்க தெரியுமா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தமாரிஸின் விதிகள்தான், வார்த்தைக்கு வார்த்தை. கீழே பாலிம்போங்கின் பெயர். எட்டாவது மட்டும் இல்லை. பிறகு அந்தப் பெண் ஆசையாகத் தன் போனை நீட்டினாள்.

படத்தில் அம்பே. இரண்டு பக்கமும் கறுப்புச் சட்டையில் இவர்கள், தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு. பல்செட் வைக்காமல் தபால்காரனுக்குக்கூடக் கதவைத் திறக்காதவர் அம்பே. அந்த வாய் குழிந்து, பாதி திறந்து கிடந்தது. யாரோ நன்றாகத் தெரியட்டும் என்று விளக்கைப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

வேனை எடுத்துக்கொண்டு மேட்டு வீட்டுக்குப் போனாள். எலியாஸ் பன்றிக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நாளாடா?"

"மழை நின்னதுலேர்ந்து. ஞாயித்துக்கிழமை மட்டும் யாரையும் விடுறதில்ல." அவன் நிமிரக்கூட இல்லை. "கத்தாத. அம்பே உள்ள படுத்திருக்காரு."

"சொரணை இருக்காடா உனக்கு? அப்பாவைக் காட்சிக்கு வச்சிருக்க!"

"காட்சியா? எல்லாம் உன் விதிப்படிதான் நடக்குது. கறுப்புப் போட்டுட்டு வராங்க, செருப்பைக் கழட்டுறாங்க, சிகரெட்டு கொடுக்குறாங்க. படம் எடுக்கும்போது அம்பேகிட்டயே கேட்டுட்டுத்தான் எடுக்குறாங்க. அவரு வேணாம்னு சொல்லலையே."

முடியாதவரிடம் எல்லாவற்றையும் கேட்பதுதான் வழக்கம். தமாரிஸே ஞாயிறுதோறும் 'போய்ட்டு வரட்டுமா அம்பே' என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அவர் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

"நாலு எருமை கீழ்வயல்ல நிக்குது, போய்ப் பாரு," என்றான் எலியாஸ். "அவரு படுத்துக்கிட்டே சம்பாதிச்சது. நீ பதினாலு மாசமா என்னத்தைக் கொண்டுவந்த? கதை."

மறுநாள் வந்த வேலையைத் தள்ளிவிட்டு, விடிந்ததும் உள்ளறையில் போய் உட்கார்ந்தாள். பல்செட்டைத் தேடி எடுத்தாள். வாய் இறுகிப்போயிருந்தது, உள்ளே போகவில்லை. கைக்குட்டையால் வாயை மூடினாள். பத்து மணிக்குப் பாலிம்போங் பதினோரு பேரோடு படியேறி வந்தான். அவள் வாசலை மறித்து நின்றாள்.

"யாரும் உள்ள வரக் கூடாது."

"இபு தமாரிஸா!" மூத்த பெண்களை அங்கே மரியாதையாக இபு என்பார்கள். "வணக்கம். வீடு உங்க தம்பியோடதுன்னு நெனச்சேன்."

"வீடு என்னுதுதான். நகரு அக்கா," என்றான் எலியாஸ். தோளைப் பிடித்து ஒதுக்கினான். பதினோரு பேரும் அவளிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டபடியே உள்ளே போனார்கள். அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது. எலியாஸ் கைக்குட்டையை எடுத்து மடித்து வைத்தான்.

பாலிம்போங் ஆரம்பித்தான். "இவர் ராஜ வம்சம். வயசு நூத்திமூணு. டச்சுக்காரங்களை எதிர்த்துக் காட்டுல சண்டை போட்டவர். நாலு பொண்டாட்டி."

யாரோ நாலு பொண்டாட்டிக்குச் சிரித்தார்கள். அம்பேயின் தலைக்கு மேலே, அம்பே கேட்கும்படி.

"பொய்!" என்றாள் தமாரிஸ். "இவருக்கு எழுபத்தாறு வயசு. காப்பி மண்டியில எடை போட்டாரு. ஒரே பொண்டாட்டிதான், எங்க அம்மா. அவங்க போனப்புறம் எட்டு வருஷம் அவங்களுக்கும் சேர்த்தே தட்டு வச்சாரு."

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவன் மறுபடி தொடங்குவானே என்று மேலே மேலே சொன்னாள். சர்ச்சில் சுருதி விட்டுப் பாடுவதை, அட்டைக்குப் பயந்து வயலில் இறங்காததை, கடைசி நாளில் தன் கையைத் தேடியதை. இருபது வருஷம் விருந்தாளிகளுக்குச் சொல்லிப் பழகிய குரல். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தணிய வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஒரு பெண் தேம்பினாள். போகும்போது ஒவ்வொருவரும் அம்பேயின் காலடியில் ஏதோ வைத்துவிட்டுப் போனார்கள். எலியாஸ் வாரி எடுத்துப் பார்த்தான்.

"அஞ்சாவது எருமை பாதி வந்துடுச்சு அக்கா," என்றான். நிஜமான சந்தோஷம் அவன் முகத்தில்.

பாலிம்போங் படியில் நின்று செருப்பை மாட்டினான். "நாளைக்குப் பதினாறு பேரு, இபு. பத்து மணி. வர முடியலைன்னாலும் பரவால்ல. நானே எதையாவது சொல்லிக்கிறேன்."

மறுநாள் ஒன்பதரைக்கே தமாரிஸ் வந்து அம்பேயின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.