மரியதாஸ் திறந்து பார்த்த வரைபடங்கள்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது செய்தி வந்தது. எங்கள் நில அளவை அலுவலகத்தின் மூத்த வரைவாளர் மரியதாஸ், சேரப்பணஞ்சேரியில் தம் வீட்டில் மாரடைப்பால் இறந்துவிட்டார். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, இனி என் தவறுகளை யார் கண்டுபிடிப்பார் என்ற பயம். அந்தப் பயத்தின் காரணம் அவருடன் வேலை செய்தவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எனக்கும் அவருக்கும் ஆகாது. நான் எம்.இ. படித்தவன், டிப்ளமோ படித்த அவரை எனக்கு மேலே உட்கார வைத்தார்கள். அது நியாயம் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அவருக்கும் அது தெரியும். "இன்னா படிச்சவரே, இன்னிக்கும் மொகம் உம்முனு கீது" என்பார், காலையில் பார்த்தவுடன்.

தொழிற்பேட்டையில் மண்ணுக்கடியில் ஓடும் கேபிள்களையும் குழாய்களையும் வரைந்து, அந்த வரைபடத்தைத் தரவுத்தளக் கோப்பாக மாற்றித் தருவது எங்கள் வேலை. அந்தக் கோப்பை நம்பித்தான் பொக்லைனை இறக்குவார்கள். பிரிண்ட் எடுக்கும்போது கண்ணை உறுத்தும் லேயர்களை, அதாவது வரைபடத்தின் தனித்தனி அடுக்குகளை, கணினியில் அணைத்து வைப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். ஒருமுறை அப்படி அணைத்ததை மறந்து கோப்பாக மாற்றி அனுப்பிவிட்டேன். அணைந்த லேயரை எங்கள் மென்பொருள் எடுத்துக்கொள்ளாது. பிழை என்றும் சொல்லாது. பிள்ளைப்பாக்கம் பக்கத்து எரிவாயுக் குழாய் கோப்பில் ஏறவே இல்லை.

மறுநாள் வரைபடத்தையும் கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தவர் அவர்தான். பைக்கில் என்னையும் ஏற்றிக்கொண்டு தோண்டும் இடத்துக்கு விரைந்தார். அதற்குள் முழங்கால் ஆழம் தோண்டியிருந்தார்கள். மரியதாஸ் பொக்லைனுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார்.

"யோவ் பெர்சு, ஓரமா போ. சாயந்தரத்துக்குள்ள முடிக்கணும்" என்றார் ஓட்டுநர்.

"கீழ கேஸ் லைன் கீதுப்பா. இன்னும் ரெண்டு வாட்டி அள்ளுனா நீயும் இல்ல, நானும் இல்ல."

"மேப்புல இல்லியே."

"மேப்பு தப்பு. நான்தான் போட்டேன்."

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. அவருக்கு மெமோ கொடுத்தபோதும் திறக்கவில்லை. அவர் என்னைக் காப்பாற்றியதையும் ஒரு குறையாகவே மனதில் வைத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஃபைலு தொறந்துச்சுன்னா சரின்னு ஆயிடாது சார். வராம போனது கண்ணுக்குத் தெரியாது. எண்ணித்தான் பாக்கணும்."

அதன் பிறகு, நான் முன்பு அனுப்பியவற்றையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்து வந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள், அவர் மேசையில் இருந்த, என் வரைபடங்களின் பட்டியலை என்னிடம் கொடுத்தார்கள். பாதிவரைதான் டிக் இருக்கிறது. மீதிக் கோப்புகளை வைத்து எங்கே, யார் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

மரியதாஸிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பட்டியல். இன்று காலை, டிக் இல்லாத முதல் வரைபடத்தைத் திறந்தேன். இரண்டு லேயர்கள் அணைந்திருந்தன. சைட்டுக்கு போன் செய்து வேலையை நிறுத்தச் சொன்னேன். "யாரு சார் போட்ட மேப்பு?" என்று கேட்டார்கள். என் பெயரைச் சொன்னேன்.

இன்னும் பத்தொன்பது இருக்கின்றன.