கோட்டைக்குப் போன கதிரை

பிரெஞ்சு மண்ணில், லா ஷப்பலில் முப்பது வருஷம் இருந்தும், சும்மா பார்க்கவென்று நாங்கள் எங்கும் போனதில்லை. லூர்து மாதாவிடம் போயிருக்கிறோம். லண்டனுக்குக் கலியாணவீடு, செத்தவீடு என்று போயிருக்கிறோம். நேர்த்திக்கடனோ காரியமோ இல்லாமல் பயணம் வெளிக்கிடுவது என் மனுஷனைப் பொறுத்தவரை காசுக்குப் பிடித்த கேடு. மகள்தான் பிடிவாதமாக நின்று, ஸ்பெயினின் தெற்குக் கரைக்கு ரிக்கெற் போட்டுத் தந்தாள். கோட்டைகளும் வெள்ளையடித்த ஊர்களும் என்று படங்களையும் காட்டினாள்.

எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. அதற்கு முன்பே இடுப்பில் ஒரு நோவும் பிடித்திருந்தது. ரூ காய் கடைத்தெருவில் மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் குத்தும். இவரிடம் நான் மூச்சு விடவில்லை. நான் தும்மினாலே ஆஸ்பத்திரிக்கு, ஊர்ஜான்ஸுக்குப் போவோம் என்று சப்பாத்தைத் தேடுகிற மனுஷன் இவர். இடுப்பு என்று சொன்னால் பயணம் அத்தோடு நிற்கும். ஒரு கோட்டையின் உச்சியிலாவது நின்று கடலைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன்.

மாலகாவில் இறங்கிய அன்றே இவருக்குப் பாஷை வந்துவிட்டது. பேக்கரியில் விரலை நீட்டி "பாண்" என்றார். கடைக்காரி "பான்" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தாள். ஹோட்டலில் தலை துவட்ட "துவாய்" என்றார், துவாய் வந்தது. மேசை அங்கே மேசா, சப்பாத்து சபாத்தோ.

"போர்த்துக்கேயன் ஊரிலை விட்டிட்டுப் போன சொல்லெல்லாம் இஞ்சையும் ஓடுதப்பா," என்றார். "பிரெஞ்சோடை மல்லுக்கட்டின நேரத்துக்கு நாங்கள் இஞ்சை வந்திருக்கலாம்."

அதன்பிறகு இவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. கோட்டைகளில் மட்டும்தான் குறை கண்டார்.

"எங்கடை யாழ்ப்பாணக் கோட்டையைப் பாரும், தரையிலை கிடக்குது. சைக்கிளிலையே போகலாம். இவங்கள் ஏன் மலையிலை கொண்டுபோய் வைச்சவங்கள்?"

எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. மாலகாக் கோட்டையில், படம் எடுக்கிறேன் என்று சொல்லி வாசலோடு நின்றுவிட்டேன். அடுத்த வெள்ளை ஊரில் ஒரு சுவரில் தொங்கிய பூச்சாடிகளைப் பார்த்தபடியே நின்றேன்.

"பூச்சாடி பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீர்?" என்றார்.

கடைசி நாள் சலோபிரேனியா. கடலோரக் குன்றில் வெள்ளை வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும் ஊர் அது. உச்சியில் கோட்டை. இதை விட்டால் எனக்கு வேறு கோட்டை இல்லை. பாதி தூரம் ஏறியதும் கால் எடுத்து வைக்க முடியவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, களைப்பு என்றேன்.

பக்கத்து வாசலில் ஒரு பெண் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். நான் உட்கார ஒரு கதிரை கேட்க, இவர் நேரே அவளிடம் போனார். மேசை மேசா என்றால் கதிரை கதிரா ஆகத்தானே வேண்டும்? என்னைக் காட்டி, "கதிரா, கதிரா" என்றார்.

அவள் வாளியை வைத்துவிட்டு ஓடிவந்தாள். முகம் நிறைய இரக்கத்தோடு, நான் கை ஊன்றியிருந்த இடத்தை மெல்ல அமத்தினாள். எனக்கு ஐயோ அம்மா என்று வந்துவிட்டது. அவள் இவரைப் பார்த்து, தன் இடுப்பைத் தட்டிக் காட்டி, "கதேரா" என்று தலையாட்டினாள். அவர்கள் பாஷையில் அது இடுப்பாம்.

இவர் என்னைப் பார்த்தார்.

"நோகுதோ?"

"ஓம்."

"எப்ப துவக்கம்?"

"மாரி துவங்கினதிலையிருந்து."

"நான் வீட்டிலைதானே இருக்கிறன்," என்றார்.

அதில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. "கோட்டையை நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ," என்றேன்.

இவர் அந்தப் பெண்ணிடம் திரும்பி, இந்தமுறை வாயைத் திறக்காமல், முழங்காலை மடித்து வெறுங்காற்றில் உட்கார்ந்து காட்டினார். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்தாள். நான் கொஞ்சநேரம் இருந்து எழும்பியதும், இவர் அதைத் தூக்கிக் கோட்டைப் பக்கம் காட்டினார். கொண்டுபோ என்று அவள் கையசைத்தாள். கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இவர் ஏறத் தொடங்கினார்.

ஒவ்வொரு வளைவிலும் இறக்கி வைப்பார். நான் இருப்பேன். எழும்பியதும் மறுபடி தூக்குவார். எதிரே இறங்கி வந்தவர்கள் படம் எடுத்தார்கள். மெத்ரோ ரயிலில் எனக்கு ஓர் இருக்கை கேட்டுத் தரவே வெட்கப்படுகிற மனுஷன் இவர்.

கோட்டை வாசலில் ரிக்கெற் கிழிப்பவர் கதிரையையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் என் இடுப்பைக் காட்டி, "கதேரா" என்றார். அந்த மனிதர் தலையாட்டி வழிவிட்டார்.

உச்சியில் கதிரையைக் கடலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். நான் இருந்தேன். கீழே வெள்ளைச் சுவர்கள், அவற்றுக்கு அப்பால் முழுக்கக் கடல். இவர் கதிரையின் முதுகைப் பிடித்தபடி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சேரும்," என்றார். "இனி எங்கையாவது நொந்தால் எனக்குத் தமிழிலை சொல்லும்."