எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய போர் விமானம்

போன வருஷம் ஆயுத பூஜை அன்று காலையில், என் கொழுந்தனார் என்னுடைய போர் விமானத்தைப் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் தேய்த்துக் கழுவிவிட்டார். அதற்காக அவர் என் காலில் விழ வேண்டும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. கழுவியது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை, சிரித்தார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஒரு வருஷம் காத்திருந்தேன்.

நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். படிப்பு பத்தாவதோடு சரி. வீட்டுக்கு நாலு பேர் வந்தால் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். கேட்ட கேள்விக்குப் பதில் அடுத்த நாள்தான் எனக்கு வாயில் வரும். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் தாண்டி எங்கள் வீடு. கீழே நானும் என் கணவரும் மாமியாரும். மாடியில் கொழுந்தனார், இன்னும் கல்யாணம் ஆகாதவர்.

துணியில் பெயிண்ட் அடிக்கும் வீடியோக்களைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் குட்டி விமானத்துக்கு ஒருவர் பெயிண்ட் அடிக்கும் வீடியோ வந்தது. தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பிறகு ஒரு பெட்டி வரவழைத்தேன். உலகப் போரில் பர்மா பக்கம் பறந்த ஹரிகேன் விமானத்தின் சின்ன வடிவம், பிளாஸ்டிக் துண்டுகளாக. ஒட்டி முடித்தால் இறக்கையோடு ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட வரும்.

ஒட்டுவது பெரிய காரியமில்லை. பச்சையும் பழுப்பும் கலந்து பெயிண்ட் அடிப்பதும் கை நடுங்காதவர்களுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் வேலையே இருக்கிறது. போருக்குப் போய் வந்த விமானம் புதுசாக இருக்கக் கூடாது. வெயிலில் வெளுத்திருக்க வேண்டும். ஆட்கள் ஏறி இறங்கும் இடத்தில், இறக்கை உடம்போடு சேரும் பக்கம், பெயிண்ட் உரிந்து உள்ளே வெள்ளித் தகடு தெரிய வேண்டும். மேக்கப் ஸ்பாஞ்சைப் பிய்த்து, வெள்ளிப் பெயிண்டில் லேசாகத் தொட்டு, காகிதத்தில் முக்கால்வாசி துடைத்துவிட்டு ஒற்றினால் உரிந்த மாதிரியே வரும். தகடுகளின் இடுக்கில் பழுப்பு ஆயில் பெயிண்டை டர்பெண்டைனில் கரைத்து ஓட விட்டேன். புகைக்குழாயின் பின்னால் கரித்தூளை மெல்லிய பிரஷால் இழுத்துப் புகைக்கறை வைத்தேன். சக்கரத்துக்கு எங்கள் தெருவின் செம்மண்ணையே ஜாக்கெட் லைனிங் துணியில் சலித்துப் பூசினேன். அடிவயிற்றில் எண்ணெய் ஒழுகின கோடு ஒன்று. அந்தக் கோட்டை மட்டும் நான் எத்தனை முறை அழித்து அழித்துப் போட்டேன் என்று எனக்கே தெரியாது.

கொழுந்தனார் போகிற வருகிற போதெல்லாம் எட்டிப் பார்த்துக் கேட்பார். "இன்னா அண்ணி, எப்ப டேக் ஆஃபு? ஜன்னல் சீட்டு எனக்குத்தான், சொல்லிட்டேன்." நான் சிரித்து வைப்பேன்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. எல்லாவற்றையும் பிடித்து வைக்க மேலே பளபளப்பில்லாத வார்னிஷ் அடிக்க வேண்டும். அது இல்லாதவரை தூளும் கறையும் விரல் பட்டாலே போய்விடும். வார்னிஷ் கூரியரில் வந்துகொண்டிருந்தது. விமானத்தைத் தையல் மெஷின் மேல் வைத்திருந்தேன். மறுநாள் ஆயுத பூஜை.

பூஜை அன்று வீட்டில் இருக்கிற கத்தி, கடப்பாறை, மெஷின், வண்டி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்போம். கழுவுகிற வேலை எப்போதும் கொழுந்தனாருடையது. அவருடைய வெள்ளைக் கார் அப்போது வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதைக் கழுவிய கையோடு மெஷினைத் துடைக்க உள்ளே வந்திருக்கிறார். நான் பின்கட்டில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, வெளிய வாங்க. உங்க ஏரோப்ளேன் ஒரே அழுக்கு. பளபளன்னு ஆக்கிட்டேன் பாருங்க."

வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். காருக்கு முன்னால் சிமெண்ட் தரையில் என் விமானம். புகைக்கறை இல்லை, செம்மண் இல்லை. இறக்கையில் நான் ஒட்டியிருந்த வட்டச் சின்னம் பாதி கிழிந்திருந்தது. பச்சை பெயிண்டே தேய்ந்து சாம்பல் நிற பிளாஸ்டிக் பல் இளித்தது. மூக்கில் சந்தனமும் குங்குமமும். சக்கரத்தடியில் கார்களுக்கு வைப்பது போலவே ஒரு எலுமிச்சம்பழம்.

"பைலட் ரெடியா?" என்று சொல்லிக்கொண்டே அவர் அதைப் பழத்தின் மேல் அழுத்தித் தள்ளினார். சக்கரக் கால் இரண்டும் முறிந்தன. எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும்தான்.

"விடு, பொம்மைதான. வேற வாங்கிக்கலாம்" என்றார் பிறகு.

நான் விமானத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வாளி பக்கத்தில் கிடந்த இரும்பு நாரையும் எடுத்துக்கொண்டேன். அதில் என் பச்சை பெயிண்ட் ஒட்டியிருந்தது.

அந்த நாரை ஒரு டப்பாவில் போட்டு, உப்புத் தண்ணீர் தெளித்து, பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். நன்றாகத் துருப் பிடித்தது. அவர் சாப்பிட உட்காரும்போது நான் சாம்பார் ஊற்றுவேன். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அண்ணி" என்பார். ஊற்றுவேன். பீரோவுக்குப் பின்னால் துரு வளர்வதை நினைத்துக்கொண்டே ஊற்றுவேன்.

தேரடித் தெருவில் ஒரு பொம்மைக் கடையில் அவருடைய கார் மாடலிலேயே வெள்ளைப் பொம்மைக் கார் கிடைத்தது. கலெக்டர் ஆபீஸ் பக்கம் போகும்போதெல்லாம், அங்கே ஒரு மூலையில் மட்கிக் கிடக்கிற பழைய ஜீப்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். துரு எங்கே தொடங்குகிறது, கதவுக்கு அடியிலா, சக்கரத்து வளைவிலா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் கோடு போட்டிருக்கிறது என்று பார்ப்பேன். யாரோ தெரிந்தவர்கள் "இன்னாக்கா, பஸ் வரலியா?" என்று கேட்டால் நடந்துவிடுவேன்.

பொம்மைக் காருக்கு முதலில் பழுப்பு அடித்தேன். மேலே அங்கங்கே உப்பைத் தூவி வெள்ளை அடித்தேன். காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டால் வெள்ளை பொத்தல் பொத்தலாக உதிர்ந்த மாதிரி நின்றது. பிறகு அந்த நாரின் துருவை அரைத்து, இடப்பக்கக் கதவுக்கு அடியிலும் பானெட்டிலும் வைத்தேன். என் விமானத்தைத் தின்ற நார் அவருடைய காரைத் தின்றது. ஒரு டயரைத் தட்டையாக்கினேன். கூரை மேல் காக்கை எச்சம். நம்பர் பிளேட்டில் அவர் நம்பரே. பின் கண்ணாடியில் அவர் ஒட்டியிருக்கும் வேல் ஸ்டிக்கரும், பாதி உரிந்தபடி. கடைசியில் வார்னிஷ். ஒரு தடவை அடித்துக் காய விட்டு, மறுபடி அடித்து, இன்னொரு தடவையும் அடித்தேன்.

இந்த வருஷம் நவராத்திரி வந்தது. கொலு வைப்பது மாமியார் வீட்டு வழக்கம். படிக்குக் கீழே தரையில் மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்க விட்டு ஊர் மாதிரி கட்டுவது என் வேலை. கோயில், குளம், கடை எல்லாம் வைத்தேன். குளத்தங்கரை ஓரம், முளைத்த கேழ்வரகுக்கு நடுவில், அந்தக் காரை வைத்தேன்.

முதல் நாளே அடுத்த வீட்டு அம்மா குனிந்து பார்த்தார். "ஐய, இது உங்க சின்னவரு வண்டியாச்சே! நம்பரு கூட அதேதான்." சுண்டல் வாங்க வந்த எல்லாரும் பார்த்தார்கள். போனில் படம் எடுத்தார்கள். கொழுந்தனார் தெருவில் இறங்கினால், "இன்னாப்பா, வண்டி காயலாங்கடைக்குப் போய்டுச்சாமே?" என்று கேட்டார்கள்.

அவர் மாமியாரிடம் வந்து நின்றார். "அம்மா, அத எடுக்கச் சொல்லு. பாக்கவே ஒரு மாதிரியா இருக்குது."

"கொலுவுல வெச்சதை நடுவுல எடுக்கக் கூடாதுடா" என்றார் மாமியார். "விஜயதசமி வரைக்கும் இருந்துட்டுப் போவுது. பொம்மைதான?"

எனக்கு இது தெரியும். தெரிந்துதான் வைத்தேன்.

ஆயுத பூஜை அன்று அவர் காரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மாலை போட்டார், எலுமிச்சம்பழம் வைத்தார். சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. மறுபடி திருப்பினார். பேட்டரியோ, தண்ணீர் எங்காவது போய்விட்டதோ, எனக்குத் தெரியாது. நான் அந்தக் காரின் பக்கமே போனதில்லை. அவர் முகம் வெளுத்தது. கடைசியில் என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பின்னால் நின்று தள்ளித்தான் கார் பழத்தின் மேல் ஏறியது. யாரோ "பைலட் ரெடியா?" என்று கேட்டார்கள். நான் வாசல்படியில் நின்று முழுசாகப் பார்த்தேன். அன்றைக்கு உள்ளே போகவில்லை.

விஜயதசமி முடிந்து பொம்மைகளை எடுத்து வைக்கும்போது அவர் வந்தார்.

"அண்ணி, ஏதாவது வேண்டிக்கினு வெச்சுட்டீங்களா? உண்மையச் சொல்லுங்க."

"இல்லைங்க தம்பி."

"அப்ப அதைக் கழுவிக் குடுத்துடுங்க. புண்ணியமாப் போவும்."

பதில் அப்போதே எனக்கு வாயில் வந்தது. "எனக்கு அவ்ளோ நல்லாக் கழுவ வராதுங்க தம்பி. நீங்கதான் சூப்பரா கழுவுவீங்க."

புது இரும்பு நார் ஒன்றைக் கொடுத்தேன். அவர் பின்பக்கக் குழாயில் சோப்புப் போட்டுத் தேய்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். மாமியாரும் வந்து நின்றார். நுரை ஓடியது. துரு அப்படியே இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். காக்கை எச்சம் கூடப் போகவில்லை.

"இது எப்படிப் போவும்?" என்றார்.

"போவாது. அது அழுக்கு இல்லைங்க, என் வேலை. உங்க காருக்குப் பாடுபட்டு பண்ணது. ஏரோப்ளேனுக்கும் அப்படித்தான் பண்ணியிருந்தேன்."

அவர் தண்ணீரை நிறுத்தினார். காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அப்படிப் பார்ப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"அன்னிக்கு நான் அதைக் கழுவியிருக்கக் கூடாது, அண்ணி. தப்புதான்."

அந்த வார்த்தையைக் காதால் கேட்டுவிட்டேன். மாமியாரும் கேட்டார். சரி போகட்டும் என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொல்லவில்லை. கையை நீட்டினேன். ஈரக் காரை என் கையில் வைத்தார்.

இப்போது அது கூடத்து அலமாரியில், சோபாவுக்கு நேர் எதிரே இருக்கிறது. பக்கத்தில் கால் முறிந்த விமானம், மூக்கில் அதே குங்குமத்தோடு. அதை நான் சரி செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கொழுந்தனார் கார் கழுவும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். கழுவி முடித்ததும் இடப்பக்கக் கதவுக்கு அடியில் குனிந்து விரலால் தடவிப் பார்க்கிறார். பொம்மைக் காரில் நான் துரு வைத்த இடம் அது.